மலைமருந்து

எல்லாருக்கும் வணக்கம். எப்படி இருக்கிறீர்கள்? வீட்டில் பிள்ளைகள் சௌக்கியமா? சளி, இருமல் ஒன்றும் இல்லையே? ஓடி விளையாடினால் மூச்சு இரைக்காமல் இருக்கிறதா? மரியாதைக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குப் பதில் வேண்டும். எதற்கு என்று போகப் போகத் தெரியும். அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து உட்காருங்கள், கொஞ்சம் நீளமான விஷயம்.

உங்களில் இளவட்டமாக இருக்கிற எல்லாருமே மலைமருந்து வாங்கியவர்கள்தான். பிறந்த குழந்தையின் மூக்கில் சின்ன முகமூடியை வைத்து, பாட்டிலைத் திருகி, நாலு மூச்சு இழுக்க விடுவார்களே, அதேதான். பாட்டிலின் மேல் ஒரு மலைப்படம் இருக்கும். அந்த மலையில் நான் நர்சாக வேலை பார்த்தேன்.

மூச்சுச்சுரம் வந்த வருஷத்தைப் பற்றி உங்கள் அம்மா சொல்லியிருப்பார். பெரியவர்களுக்கு மூக்கொழுகும், இரண்டு தும்மல் வரும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு நெஞ்சு நனைந்த பஞ்சு மாதிரி ஆகிவிடும். கிருமியைத் தூக்கிக்கொண்டு வருவதோ பெற்றவர்கள். தூக்கிக் கொஞ்சினால் போச்சு. சேலத்தில் எங்கள் தெருவில் அம்மாக்கள் பிள்ளைகளை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு சன்னல் வழியாகச் சோறு தள்ளினார்கள். அப்படியும் பிள்ளைகள் போனார்கள்.

அதனால்தான் கோடை முகாம். ஏற்காட்டுக்கும் மேலே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில், ஓர் அறக்கட்டளை நடத்தியது. ஒதுக்கி வைக்கிற இடம் என்று உண்மையைச் சொன்னால் எந்தப் பிள்ளை பஸ் ஏறும்? கோடை முகாம் என்றார்கள். படம் வரையலாம், சிலம்பம் கற்கலாம், நாடகம் போடலாம் என்றார்கள். எல்லாம் நிஜமாகவே இருந்தது. வேலை செய்கிற நாங்கள் மட்டும் உச்சி முதல் உள்ளங்கால் வரை ரப்பர் உடுப்பு மாட்டி, முகத்துக்கு முன்னால் கண்ணாடி வைத்துக்கொண்டு திரிந்தோம்.

நிலானி வந்து இறங்கிய அன்றே என் கண்ணாடியைத் தட்டினாள். சிவதாபுரத்தில் வெள்ளிக்கொலுசுக்குப் பற்றவைக்கிற தவமணியின் ஒரே மகள். ஒன்பது வயசு. அப்பா இல்லை.

"சிஸ்டரம்மா, உள்ள இருக்கும்போது மூக்கு அரிச்சா என்ன பண்ணுவீங்க?"

"பொறுத்துக்குவேன் கண்ணு."

"ரொம்ப அரிச்சா?"

"ரொம்பப் பொறுத்துக்குவேன்."

"ஐய, பாவம். நான் வேணா ஈர்க்குச்சி விட்டுச் சொறிஞ்சு வுடட்டுங்களா?"

இப்படி ஒரு வாய். ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்கிற மேலாளர் மாதிரியே மூக்கால் பேசிக் காட்டுவாள். ஒருநாள் அவள் குரலை நம்பி மொத்தப் பிள்ளைகளும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தட்டோடு வரிசையில் நின்றுவிட்டார்கள்.

முகாமில் தினமும் காலையில் ஒரு வேலை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெட்டியில் வாய் வைத்து ஊத வேண்டும். பெட்டி அந்த மூச்சைச் சோதித்து, அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு மிட்டாய் செய்து தள்ளும். அதைச் சப்பினால் விளக்கு பச்சையாகும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பிலேயே நின்றால் மிட்டாய் அந்த உடம்பில் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

டாக்டர் ஞானசேகரன் பிள்ளைகளை உட்கார வைத்து விளக்கினார். நல்ல மனுஷன், சத்தமே வராமல் பேசுவார்.

"வீட்டுல தயிருக்கு உறை ஊத்துவாங்கள்ல? அந்த மாதிரிதான். மிட்டாய்க்குள்ள உசுரோட நல்ல கிருமி இருக்கு. அது உன் தொண்டையில போய் உக்காந்துரும். அப்புறம் கெட்ட கிருமி வந்தா அதுக்கு உக்கார எடமிருக்காது."

நிலானியின் அறையில் ஹர்ஷினி என்று ஒரு பெண், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த அறைக்கு அவள்தான் கலெக்டர். கையைத் தூக்கினாள்.

"சார், ஒருத்தரு மிட்டாய இன்னொருத்தரு தின்னா?"

"அவங்கவங்க தொண்டைக்குப் பழக்கின உறை அது. மாத்தித் தின்னா என்னாகும்னு எனக்கே தெரியாது. தெரியாதத செய்யக் கூடாது. யாரும் எதையும் எச்சி பண்ணவே கூடாது, சரியா?"

"சரிங்க சார்ர்ர்" என்று எல்லாரும் ராகம் போட்டார்கள்.

நிலானிக்குப் பச்சை வரவில்லை. நாளுக்கு நாள் பெட்டி புதுசு புதுசாக மிட்டாய் செய்துபார்த்தது, விளக்கு அசையவில்லை. அவளுக்கு முன்னால் கவின் என்ற பையனுக்கும் இப்படித்தான் ஆனது. சிவப்புப் பிள்ளைக்கு நோய் வந்தால் அது மற்றவர்களின் பச்சையையும் தாண்டிவிடும் என்பது முகாமின் பயம். அதனால் சிவப்பைக் கீழே வீட்டுக்கு அனுப்பிவிடுவது விதி. கவினை ஜீப்பில் ஏற்றி அனுப்பினோம். வீட்டுக்குப் போன வேகத்தில் நோய் வந்து செத்துப்போனான். நாங்கள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சமையற்கட்டில் பேசியதை அவர்களே கேட்டுவிட்டார்கள்.

"இந்த வாரம் பாப்போம் சிஸ்டர்" என்றார் டாக்டர். "அதுக்கப்புறம் ஜீப்புக்குச் சொல்லிரணும்."

"கீழ அனுப்புனா என்னாகும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் சார்."

"இங்கயே வச்சிருந்தா மத்த பிள்ளைங்களுக்கு என்னாகும்னும் தெரியும்."

"உங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?"

"எம் பொண்ணு முதல் அலையிலயே போயிட்டா சிஸ்டர். அவ இருந்திருந்தா இந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பதில் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஏன் வாயைத் திறந்தோம் என்று இருந்தது.

ஜீப் வர வேண்டிய காலையில் நிலானி ஊதினாள். பச்சை. பெட்டி கெட்டுப்போயிற்று என்று நினைத்து வேறு பெட்டியில் ஊத வைத்தோம். அதிலும் பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, டார்ச் அடித்த மாதிரி. அறை முழுக்கக் கூத்து. ஹர்ஷினி கட்டில் மேல் ஏறிக் குதித்தாள்.

அவள் குதித்தபோதுதான் அவள் கவுனின் ஓரத்தைப் பார்த்தேன். மிட்டாய்ச் சாயம் பிசுபிசுவென்று, துணி பல் பட்டு நைந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற ஜெபா என்ற பிள்ளையின் சட்டை முனையும் அப்படியே. அந்த அறைப் பிள்ளைகள் அத்தனை பேர் துணியும் அப்படியே.

"ஹர்ஷினி, இங்க வா. இது என்னது?"

"ஒண்ணுமில்லீங்."

"மிட்டாய அவளுக்குக் குடுத்தீங்களா?"

அவள் கவுனின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டி மறைத்தாள். ஜெபாதான் அழுதுகொண்டே சொன்னாள். "ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தோம் சிஸ்டரம்மா. கவின் மாதிரி இவளும் செத்துருவான்னு ஹர்ஷினி சொல்லுச்சு."

"எச்சி பண்ணக் கூடாதுன்னு டாக்டர் அத்தனை தடவை சொன்னாரே?"

இப்போது ஹர்ஷினிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எச்சி பண்ணல! ஆரு எச்சி பண்ணுனது? துணியில வச்சு காக்காக்கடிதான் கடிச்சோம். காக்காக்கடி எச்சியாகாது, ஆரை வேணாலும் கேட்டுப் பாருங்க!"

நாம் எல்லாரும் கடித்ததுதானே? கமர்கட்டைச் சட்டைத் துணிக்குள் வைத்துப் பல்லால் உடைத்தால் எச்சில் படாது என்று நம் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம். டாக்டர் எச்சில் என்றபோது அவர் மனதில் இருந்தது வேறு, பிள்ளைகள் மனதில் இருந்தது வேறு. இதை அவரிடம் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனுஷன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. பரிமாற வந்தவர் ஒருவரின் உடுப்பில் எங்கோ கிழிசல். மூச்சுச்சுரம் உள்ளே வந்துவிட்டது. பச்சை வாங்கிய பிள்ளைகளையே சாய்த்தது. பக்கத்து அறைகளில் கட்டிலுக்குக் கட்டில் இருமல். நான்கு பிள்ளைகளை மலையிலேயே புதைத்தோம், பெற்றவர்களால் மேலே ஏறி வர முடியவில்லை.

நிலானியின் அறையில் மட்டும் ஒரு தும்மல்கூட இல்லை.

டாக்டர் தூங்காமல் கிடந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சிஸ்டர், அத்தனை பிள்ளைங்களோட உறையும் அவ தொண்டையில ஒண்ணாச் சேர்ந்து புதுசா ஒண்ணு ஆகியிருக்கு. அது அவ மூச்சுல வெளிய வருது. பக்கத்துல படுத்தவங்களுக்கெல்லாம் அதுவே போய் ஒட்டிக்கிச்சு. பழக்க வேண்டிய வேலையே இல்ல, யார் தொண்டையிலயும் உக்காருது."

"அப்ப அத மத்த பிள்ளைங்களுக்கும் குடுக்கலாமே!"

"குடுக்கலாம். அத வெளிய எடுத்து வளர்க்கத்தான் முடியல. கண்ணாடியில வச்சா பெருகாம கொஞ்ச நாள்ல செத்துருது. பெட்டியாலயும் செய்ய முடியல. குடுத்தவங்க தொண்டையில காக்குது, ஆனா அங்கேருந்து பரவ மாட்டேங்குது. உறை அவகிட்ட மட்டுந்தான் இருக்கு. தினமும் அவகிட்டருந்துதான் எடுக்கணும்."

அன்றே அவளை ஒரு கண்ணாடி அறைக்கு மாற்றினோம். ஒரு புனலில் காலையும் மாலையும் ஊதுவாள். அந்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல பாட்டில்களில் பிரித்துப் பிடித்து மற்ற அறைகளுக்குக் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு முகாமில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. மிச்சமிருந்த பாட்டில்களை சேலத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பாட்டில் கிடைத்த பிள்ளைகள் அங்கேயும் பிழைத்தார்கள். நிலானி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மூக்கால் அறிவித்தாள். "கவனிக்கவும், கவனிக்கவும். சூடான மூச்சு தயார். பாட்டில் கொண்டு வரவும்."

கொஞ்ச நாளில் அந்தக் குரல் கரகரத்தது. அந்த உறை அவள் குரல் நரம்பில் ஏடு கட்டுகிறது என்றார் டாக்டர்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து வைத்தாயிற்று, மழை பிடித்ததும் முகாம் முடிந்தது. பஸ்கள் வந்தன. ஹர்ஷினி கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "நீ எப்ப வருவ?" என்றாள். நிலானி, "அடுத்த பஸ்ஸு" என்றாள். காற்றுதான் வந்தது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டோம்.

தவமணி ஒரு வேன் வைத்துக்கொண்டு மகளைக் கூட்டிப்போக வந்தாள். அவள் தெருப் பெண்களும் கூட வந்திருந்தார்கள். வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நானும் டாக்டரும். டாக்டர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"வலி கிலி ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டாள் தவமணி.

"இல்லம்மா. குரல்தான் போய்க்கிட்டிருக்கு."

"பேசாட்டிப் போகுது. அவளுக்கும் சேத்து நான் பேசிக்கறேன். அனுப்பி வுடுங்க."

"கூட்டிட்டுப் போக உங்களுக்கு உரிமை இருக்கு, நான் தடுக்க முடியாது" என்றார் டாக்டர். "வீட்டுக்குப் போய் ஊர்க்காத்து பட்டா அந்த உறை அதுவாச் செத்துரும். அவளுக்கு நோய் வராது, அவ உடம்பு பழகிருச்சு. குரலும் திரும்பிரும். எல்லாத்தையும் சொல்லணும்ல, அதான் சொல்றேன். பாட்டில் மட்டும் நின்னுரும்."

தவமணி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்பறம் என்னங்க? கதவத் தொறங்க" என்றாள்.

பின்னால் நின்ற செல்வராணி அவள் கையைப் பிடித்தாள். பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஒரே பட்டறையில் குழல் ஊதிக் கொலுசு பற்றவைக்கிறவர்கள்.

"தவமணி, எம் பையனுக்குக் காத்தால உதடு நீலம் பாஞ்சு கெடந்துச்சு. ஆஸ்பத்திரியில பாட்டிலுக்கு எழுதி வச்சிருக்கு, இன்னும் வரல. ஒரு மாசம் அவ இங்க இருக்கட்டும்டி. ஒரே மாசம்."

"ஏன்க்கா, வெளையாடுறியா?"

"எங்கூட்டுலயும் ரெண்டுங்க கெடக்குது தவமணி" என்றாள் இன்னொருத்தி. "உம் புள்ள நல்லாத்தான இருக்கா? எங்க புள்ளைங்க சாவுதுங்கடி."

செல்வராணி அந்த ஈரத்தரையிலேயே காலில் விழுந்தாள். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லாரும் விழுந்தார்கள். தவமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க எனக்குத் தொணைக்கு வந்தீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "முறுக்கு சுட்டுக் கட்டிக் குடுத்தீங்க. அவளுக்குப் பூவெல்லாம் வாங்கியாந்தீங்க. இதுக்குத்தானா?"

யாரும் நிமிரவில்லை. டாக்டர் மெதுவாக, "பிள்ளைகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா?" என்றார்.

தவமணி அவரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். "ஒம்போது வயசுப் புள்ளைகிட்டயா இதக் கேப்பீங்க? இருக்கறேன்னு சொன்னாலும் காலத்துக்கும் அவ தலையில, வர்றேன்னு சொன்னாலும் காலத்துக்கும் அவ தலையில. அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நான் சொல்றேன், இருக்கட்டும். திட்டுனா என்னையத் திட்டிக்கட்டும்."

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் கதவைத் திறந்துவிட்டதும் கண்ணாடி அறையின் முன்னால் போய் நின்றாள். சிரித்தாள். "உனக்கு இங்க நல்ல சோறு போடறாங்கன்னு வரமாட்டேங்கறியாமா, கழுதை? இரு, அடுத்த மாசம் வந்து காதத் திருகி இழுத்துட்டுப் போறேன்" என்றாள். நிலானியும் சத்தமில்லாமல் சிரித்தாள்.

செல்வராணியைப் பார்த்துத் தவமணி ஒன்றே ஒன்று சொன்னாள். "உம் பையன் எந்திரிச்சு நடந்ததும், எம் புள்ளைய நீயே வந்து கூட்டியாந்து எங்கையில குடு."

அந்தப் பையன் எழுந்து நடந்தான். இன்று சேலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான், உங்களில் யாராவது அவனிடம் சார்ஜர் வாங்கியிருப்பீர்கள். செல்வராணி தீபாவளிக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டுவந்து முகாம் வாசலில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டாள்.

அடுத்த மாதம் தவமணி சொன்னபடி வந்தாள். அதற்குள் புதுச் சட்டம் வந்திருந்தது. மருந்தின் மூலம் எதுவோ அதை இடம் மாற்றக் கூடாதாம். வாசலில் போலீஸ் நின்றது. கூட்டிப்போக உரிமை இருந்தது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளில் அவள் ஒரு மாசம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டாக்டர் ஞானசேகரன் அந்தச் சட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்கு நடந்து நடந்து, தோற்று, செத்தும் போனார். எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். நான் இறங்கவில்லை. உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளே போய் அவளுக்குத் தலை வாரிவிட ஓர் ஆள் வேண்டும் என்று இங்கேயே தங்கிவிட்டேன். அவள் தலையில் இப்போது ஒன்றிரண்டு நரை. காலையும் மாலையும் ஊதுகிறாள். உங்கள் பிள்ளைக்குப் போன மாதம் வைத்த பாட்டிலும் அவள் ஊதியதுதான்.

புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா சின்னப் பெண், இரக்கமுள்ளவள். ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். "ஏம்மா, இத்தனை வருஷமா ஒரு பிள்ளைக்கும் நோய் வரலையே. இன்னுமா அந்தச் சுரம் இருக்குது?"

"அதுதான் சிஸ்டர் யாருக்கும் தெரியாது" என்றாள். "மருந்தால வராம இருக்கா, இல்ல நோயே ஒழிஞ்சு போயிருச்சா? மருந்து போடாத பிள்ளை இருந்தாத்தான தெரியும்? நாம ஒரு பிள்ளை விடாமப் போட்டுடறோம்."

"ஒரு எடத்துல நிறுத்திப் பாக்க வேண்டியதுதானே?"

"எந்த ஊர்ல நிறுத்தறது? எந்தத் தெருவுல? யார் வீட்டுப் பிள்ளைக்கு? ஒண்ணு செத்தா யார் பதில் சொல்றது? எனக்கும் ஒரு கைக்குழந்தை இருக்கு சிஸ்டர். அவனுக்கு நான் மொத ஆளாப் போட்டேன்."

தப்பு சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதப்போவதை நிலானியிடம் சொன்னேன். அவள் செல்போனில் தட்டிக் கண்ணாடியில் காட்டினாள். "பாட்டில் போடாதீங்கன்னு யாருக்கும் எழுதாதீங்க. போடாம விட்டவங்க இருக்காங்களான்னு மட்டும் கேளுங்க." இதைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, இன்னொரு வரியும் சேர்த்தாள். "விட்டது தப்புன்னும் சொல்லிராதீங்க."

ஆகவே கேட்கிறேன். வெளிநாட்டில் பிறந்ததாலோ, மழை வெள்ளத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமலோ, பயந்தோ, மறந்தோ, உங்கள் வீட்டில் மலைமருந்து வாங்காத பிள்ளை யாராவது உண்டா? அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது? ஊரையும் வயசையும் போட்டு இதற்குக் கீழே நாலு வரி எழுதுங்கள். நன்றாக இருந்தால் எழுதுங்கள். நோய் வந்து போய்ச் சேர்ந்திருந்தால், மனசு கேட்காதுதான், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். போதுமான பதில் சேர்ந்தால் மறுபடி கோர்ட்டில் கொண்டுபோய் வைக்கலாம் என்கிறாள் டாக்டரம்மா. எப்படி வந்தாலும் முதலில் படிப்பவள் நிலானிதான்.

தவமணி இன்னும் இருக்கிறாள். பட்டறைப் புகையில் கண் போய்விட்டது, மலைக்கு வருவதில்லை. நான் போன் போட்டால், நிலானி மூச்சு விடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். வயசும் ஏறிக்கொண்டே போகிறது. எழுதுவதானால் சீக்கிரம் எழுதுங்கள்.